முதல் கிளாஸ்

வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள் என்றுதான் நான் எப்போதும் பேச்சை ஆரம்பிப்பேன். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை எனக்கு. வருடக் கடைசி விடுமுறை விடுவதற்கு முன் எல்லோரையும் கேண்டீனில் உட்கார வைத்துப் பேசுவது என் பொறுப்பு. நான் உள்ளே நுழைந்ததுமே, "ஹெல்மெட் மேடம் வந்துட்டாங்க, சாவியெல்லாம் பத்திரம்" என்று பின்வரிசையில் யாராவது குரல் கொடுப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நடுநடுவே தண்ணீர் குடியுங்கள், வண்டிச் சாவியைக் குடிக்காத ஆளிடம் கொடுங்கள், குடித்துப் படுத்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். இதையெல்லாம் எழுதி வைத்துப் படிப்பதில்லை டாக்டர். என் தம்பியை வளர்த்துக் கற்றுக்கொண்டவை.

வளர்த்து என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். குடி ஆரம்பித்தது வேலைக்குப் போன பிறகு. எந்த பாரில் விழுந்து கிடந்தாலும் அவன் போனிலிருந்து முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். பார்க்காரர்களே என் எண்ணைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, சட்டையைக் கழற்றி, தலையைத் துவட்டி, தலையணையை முதுகுக்கு அண்டை கொடுத்துப் படுக்க வைப்பேன். காலையில் கண்ணைத் திறந்ததும், "நீ மட்டும் இல்லேன்னா செத்திருப்பேன்க்கா" என்பான். கல்யாணம் ஆன பிறகும் அப்படித்தான். அவன் மனைவிக்கு அவனைத் தூக்கத் தெரியாது. பயந்துபோய் எனக்குப் போன் செய்வாள். எனக்கென்று குடும்பம் அமையவில்லையே என்று ஊரார் உச்சுக் கொட்டுவார்கள். அதற்கெல்லாம் எனக்கு ஏது நேரம்?

பிறகு அவன் நிறுத்திவிட்டான். உங்களிடம்தான் சிகிச்சைக்கு வந்து நிறுத்தினான். நான் சந்தோஷப்பட்டேன், இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவன் முகத்தில் சதை பிடித்தது. மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தான். எனக்குப் போன் வருவது குறைந்தது. ஒருநாள் அவன் மனைவி சிரித்துக்கொண்டே, "அண்ணி, இப்பல்லாம் உங்களுக்குத் தொந்தரவே குடுக்கறதில்ல பாத்தீங்களா" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன விடுமுறைக்கு எல்லோரையும் என் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். அவன் குடும்பம், என் அலுவலகத்துக்காரர்கள் சிலர். குடிக்கிறவர்களுக்காக ஹாலில் ஒரு மேசை தனியாகப் போட்டேன். வந்தவுடன் எல்லோருடைய சாவியையும் வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டை முதலில் பரிமாறினேன். ஏற்பாட்டில் எந்தக் குறையும் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் கணக்காளர், அவர் கொஞ்சம் வாயாடி, "நீங்க ஒண்ணும் எடுத்துக்கலையா சார்?" என்று தம்பியைக் கேட்டார்.

"விட்டுட்டேன் சார்" என்றான். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். "எல்லாம் இவளாலதான். என்னை மனுஷனாக்கினதே இவதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு அவனுக்கு ஜூஸ் எடுத்து வரச் சமையலறைக்குப் போனேன்.

மாதுளம்பழ ஜூஸ். அவனுக்காகவே காலையில் நான் உரித்துப் பிழிந்தது. பக்கத்தில் வோட்கா பாட்டில் இருந்தது. வாசனை இல்லாதது. கொஞ்சம்தான் ஊற்றினேன். சர்க்கரையைக் கூட்டிக் கலக்கினேன். பாதுகாப்பான இடம், சொந்த வீடு, வயிற்றில் சாப்பாடு, பக்கத்திலேயே நான். அவன் எங்கெங்கோ குடித்துச் சீரழிந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு வாய் குடித்தவன் நிறுத்தினான். கிளாஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அக்கா, இதுல ஏதாச்சும் கலந்திருக்கா?"

"சர்க்கரைதான்டா. தூக்கலா போச்சா?"

அவன் என்னை நம்பாத நாள் ஒன்று இருந்ததில்லை. மீதியைக் குடித்தான். நெற்றி வியர்த்திருந்தது. பிறகு எழுந்து அந்த மேசைக்குப் போய், யாரிடமும் கேட்காமல், தன் கையாலேயே ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டான். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டாவதை நான் ஊற்றவில்லை.

சாயங்காலத்துக்குள் நிற்க முடியவில்லை. பின்னறையில் படுக்க வைத்தேன். அவன் மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். சத்தம் போடவில்லை. "எப்ப ஆரம்பிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவன் மகள்தான் அழுதாள். "அப்பா குடிக்கலம்மா. ஜூஸ்தான் குடிச்சாரு. அப்புறந்தான் அவருக்கு என்னமோ ஆச்சு. நான் பாத்தேன்."

"அப்பாவுக்காகப் பொய் சொல்லாத" என்று அவள் குழந்தையின் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

குழந்தை என்னைப் பார்த்தது. நான் ஒருவேளை அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு பேர் முன்னால் அவன் மனைவியைத் தப்பு செய்தவளாக்க எனக்கு மனம் வரவில்லை. அடித்துவிட்டாளே, பாவம்.

விளக்கைத் தணித்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கை தானாப் போச்சுக்கா. ஏன் போச்சு? நல்லாத்தானே இருந்தேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

"விடுடா. உன் உடம்பு வாகு அப்படி. நான் இருக்கேன்ல" என்றேன்.

அவன் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். இத்தனை காலம் கழித்து. அன்றைக்கு அவன் தலை எவ்வளவு கனமாக இருந்தது என்று என்னால் இப்போதும் சொல்ல முடியும்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். விடுமுறை முழுக்கக் குடித்தான். அவன் மனைவி ஒருமுறை மன்னித்தாள், இன்னொரு முறையும் பார்த்தாள், பிறகு பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். பெட்டியோடு என்னிடம் வந்தான். பின்னறைக்குப் புதுத் திரை போட்டிருந்தேன். வெளியே போய்க் குடித்தால் ஆபத்து என்று நானே வாங்கி வைத்தேன். சாப்பாடு போட்ட பிறகுதான் ஊற்றுவேன். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊத்தாதக்கா, என்னை டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போ" என்றான். திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆகாது, வலிப்பு வரும் என்று எடுத்துச் சொன்னேன். அது பொய்யில்லை, நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் உங்களிடம் கூட்டி வர வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அவன் ரத்த வாந்தி எடுத்தபோதுதான் அந்த அடுத்த வாரம் வந்தது.

இன்று காலை நோயாளிகளுக்கு நீங்கள் நடத்தும் கூட்டத்தில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மறுபடி குடியில் விழுந்தபோது முதல் கிளாஸை எடுத்தது யார் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும் என்றீர்கள். என் தம்பி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவனுக்கு இப்போது முப்பது அடி நடக்கவே மூச்சு வாங்குகிறது. "நான்தான் எடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. என் குடும்பத்தை நான்தான் அழிச்சேன்" என்றான். நீங்கள் தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டீர்கள்.

அதனால்தான் உங்கள் அறைக்கு வந்தேன். ஒரு விபத்து நடந்தால் காரணத்தைச் சரியாகப் பதிய வேண்டும் என்பது என் வேலையில் ஊறிப்போன பழக்கம். தவறான காரணத்தை வைத்துக்கொண்டு நீங்கள் வைத்தியம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் கிளாஸ் நான் கொடுத்தது. அவனுக்குத் தெரியாமல், நான் தெரிந்தே கொடுத்தேன்.

நீங்கள் ஏன் எழுந்து கதவைச் சாத்துகிறீர்கள் என்று புரிகிறது. அவனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அவன் மனைவிக்கும் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். வேண்டாம் டாக்டர். அவனை உங்களுக்குத் தெரியாது. நான்தான் செய்தேன் என்று தெரிந்தால் அவன் மனசு தாங்காது, மறுபடி விழுந்துவிடுவான். அப்புறம் அவனை நான்தானே தூக்கிவர வேண்டும்.