படுக்க வைத்துப் பார்த்த நாடி

ஹலோ... ஹலோ... மேனேஜர் நஞ்சப்பன் சாருங்களா? நான் வஹிதா பேசறேங்க. உங்க பஸ் டிரைவர் தஸ்தகீரு வூட்டுக்காரி... ஆமாங்க, காரிமங்கலத்துல இருந்துதான்... புளி மண்டி போனுங்க, சத்தமாத்தான் இருக்கும்...

ஆமா, ஆமா, ஆளு வந்து சொல்லிட்டுப் போனாரு. நாளைக்கு வண்டி எடுக்கலைன்னா சீட்டைக் கிழிச்சிடுவீங்களாமே... நடிக்கிறாருங்களா? சரி, முதுகு வலின்னு நடிக்கலாம். சட்டை நனைய வேர்க்கிற மாதிரி நடிக்க முடியுங்களா? எங்க, ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு நீங்க ஒருக்கா வேர்த்துக் காட்டுங்க, பாப்போம்... கோவிச்சுக்காதீங்க சார்...

கம்பெனி டாக்டரா? பாத்தாருங்க. மேசை மேல படுக்க வெச்சு நாடி புடிச்சாரு. நல்லாயிருக்கு, வண்டி ஓட்டலாம்னு எழுதிட்டாரு. ஏன் சார், உங்க கம்பெனியில எல்லாரும் படுத்துக்கிட்டுதான் பஸ் ஓட்டறாங்களா?... நான் எங்கீங்க சிரிக்கிறேன்...

கேளுங்க... அட, கேளுங்க சார்! படுத்திருந்தா சும்மாதான் இருக்காரு. எந்திரிக்கணும்னு நெனைச்சாலே போதும், கால் தரையில படறதுக்கு முன்னாடியே நெஞ்சு திடுதிடுன்னு அடிக்குது. மூச்சைப் புடிச்சுக்கறாரு. ஒடம்பு கட்டையாட்டம் வெறைச்சுப் போவுது... பயமா? தொப்பூர் கணவாயில மழையிலயும் பனியிலயும் ஓட்டின மனுசனுக்கா?... இல்லீங்க. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அவரைக் குனிய வெச்சு, நடக்க வெச்சுப் பாத்தாங்க. வருசக்கணக்கா வலியோட கெடந்த ஒடம்பாம். அசைஞ்சாலே வலி வரப் போவுதுன்னு நாடி முந்திக்கிட்டு எகிறுதாம். அப்புறம் சீக்கிரம் அடங்கறதும் இல்லியாம். கிளச்சை மிதிக்கிற நேரத்துல இப்படி ஆனா?... அதனாலதானே பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் வேலை கேட்டோம்? உக்காரலாம், நிக்கலாம்...

வேற டிரைவரே இல்லீங்களா?... ஓஹோ, முகூர்த்த நாளு... எந்த ட்ரிப்புங்க?... முதலாளி பொண்ணு கல்யாண வண்டியா! சேலத்துக்கா? அப்ப தொப்பூர் எறக்கத்துலதான் போவணும்... நீங்களும் குடும்பத்தோட அதுலதான் போறீங்களா?

அப்படின்னா அனுப்பறேன் சார். கட்டாயம் அனுப்பறேன். உங்க வூட்டம்மாவை முன் சீட்டுல உக்கார வைங்க. நீங்க டிரைவர் பக்கத்துல நின்னுக்குங்க. எறக்கத்துல அவரு மூச்சைப் புடிக்கிறப்ப நாடி பாக்கத் தோதா இருக்கும்... என்னங்க?... வேணாமா? ஏன் வேணாம்? அதான் டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரே!... என்னது, நீங்க கார்ல போயிக்கறீங்களா?

பக்கத்துல யாருங்க பேசறது?... முதலாளியா? அவருகிட்ட குடுங்க... குடுங்க சார், ஒரே ஒரு பேச்சு...

வணக்கமுங்க முதலாளி... நல்லாயிருக்கோமுங்க. நாளைக்கு உங்க பொண்ணு போற வண்டியை எங்க வூட்டுக்காரரு ஓட்டினா, மேனேஜர் சாரு அதுல ஏறமாட்டாராம். ஏன்னு நீங்களே கேளுங்க... ஆமாங்க, உங்களுக்கு எதிர்லதானே உக்காந்திருக்காரு... கேட்டுட்டு, டைம் கீப்பர் வேலை குடுக்கறதா, சீட்டைக் கிழிக்கறதான்னு முடிவு பண்ணுங்க. நான் வெச்சிடறேங்க.