கடைசி இரண்டை விடாத இரும்பும் எங்கள் ஜெனீரா ஆசிரியையும்

பதுளைப் பனியிலும் பிந்தி வராத பௌதிகவியல் ஆசிரியையே! கண்டிப்பில் கறுவாப்பட்டையே, கனிவில் கித்துள் பாணியே! பெருமதிப்பிற்குரிய ஜெனீரா ஸமீம் அவர்களே!

இக்கல்லூரியில் தாங்கள் ஆற்றிய பணியையெல்லாம் புகழப் புகுந்தால் பொழுது போதாது. உபசாரத்துக்கு வைத்த பற்றீஸும் ஆறிவிடும். ஆகவே, ஒரே ஒரு பாடத்தை மட்டும் நினைவுகூர்கிறோம்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வரும் மாணவி பெரியாயி, "சூரியனுக்கு யாரு டீச்சர் தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தது?" என்று கேட்க, வகுப்பே சிரித்தது. தாங்கள் சிரிக்கவில்லை.

"அங்க இருக்கிற இரும்புதான் புள்ள தெர்மாமீட்டர். இரும்பு அணுவுக்கு இருபத்தாறு இலத்திரன். சூடு ஏற ஏற ஒவ்வொண்டா உட்டுக்கொடுக்கும், பஸார்ல கடைக்காரர் விலைய இறக்கிற மாதிரி. கடைசி ரெண்டை மட்டும் லேசில உடாது. அந்த ரெண்டோட நிக்கிற இரும்பு நிறமாலையில தனக்கெண்டு ஒரு எக்ஸ் கதிர்க் கோடு காட்டும். சூரியன் சீறி வெடிக்கிற நேரம் அந்தக் கோடு தெரிஞ்சா, அங்க சூடு கோடிக்கணக்கான பாகை எண்டு விளங்கிக்கலாம்."

பக்கத்து வகுப்பறையில் வர்த்தகம் கற்பித்துக்கொண்டிருந்த இத்ரூஸ் ஆசிரியர், "எங்க வாப்பாட கடைய ஏன் டீச்சர் சூரியனுக்குக் கொண்டு போறீங்க?" என்று கூவினார். "அங்கயாவது விலை இறங்குதா எண்டு பாக்கத்தான்!" என்றீர்கள். விண்ணில் ஏவிய கருவிகள் பிடித்த கோடுகளை, இலத்திரன் இழந்து கொதிக்கும் பிளாஸ்மாவின் கோபத்தை, பஸார் வாசலிலேயே காட்டிய பேராற்றலே!

இன்று ஓய்வுபெற்று, பண்டாரவளையில் மகள் வீட்டுக்குப் புறப்படுகிறீர்கள். அந்த ரயிலும் தெமோதரையில் ஒருமுறை வளைந்து, வந்த வழியைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போகிறது! தங்கள் இடத்துக்கோ இன்னும் எவரும் நியமிக்கப்படவில்லை. உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. பெரியாயி இனி யாரிடம் கேட்பாள்?

பாராட்டு மடலில் பேரம் பேசுவது முறையன்று என்பதை அறிவோம், ஆயினும் பேசுகிறோம். வாரம் ஐந்து நாளும் வாருங்கள் என்றோம். "அதெல்லாம் ஏலாது" என்றீர்கள். நான்கு என்றோம், முகத்தைத் திருப்பினீர்கள். மூன்று என்றோம், சிரித்தீர்கள். இதோ, இரண்டு! இதற்குக் கீழே இறங்கமாட்டோம். தாங்கள் கற்பித்த இரும்பல்லவா நாங்கள்!

தங்கள் மூட்டுவலி முற்றாக நீங்கி, பேரப்பிள்ளைகளின் கேள்விகளால் பொழுதெல்லாம் நிறைந்து, நெடுங்காலம் நலமே வாழ இறைவன் அருள்வானாக!

கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலைத் தாங்கள் கையில் வாங்கினால், பஸார் வழக்கப்படி பேரம் படிந்ததென்றே கொள்வோம். வாங்கிக்கொள்ளுங்கள், டீச்சர்.

இங்ஙனம்,
நீட்டிய கையை மடக்காமல் நிற்கும்
கல்லூரி ஆசிரியர் குழாம்
பதுளை, 1981