வெள்ளையடித்த வீடு

ஜப்பான்காரன் காலம். பினாங்கில் ரேஷன் அரிசி வரிசையில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண். அவளுக்கு முன்னால் நின்றவர் திரும்பி அவளிடம் சொன்னார்:

“வீட்ட விக்கணும்னா வாசப்பக்கம் சேத்த அள்ளிப் பூசு, தங்கச்சி.”

“என்னாண்ணே, அழுக்கு வீட்ட எவன் வாங்குவான்?”

“வாங்க வர்றவன பின்சந்து வழியா கூட்டிட்டுப் போ. உள்ள சுத்தமா இருந்தா போதும். ரோட்டுலேருந்து பாக்க அழகா இருந்தா ஜப்பான் ஆபீசர் எடுத்துக்குவான்லா. எங்க பக்கத்து வீட்டுக்காரங்கள ஒரே நாள்ல காலி பண்ணச் சொல்லிட்டான்.”

“நேத்துதாண்ணே முன்பக்கம் சுண்ணாம்பு அடிச்சேன்.”

அரிசிக்கு இன்னும் நாலே பேர். அவள் காலிப் பையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் ஓடினாள்.

அவள் விட்ட இடத்துக்கு நான் நகர்ந்தேன்.