ரோஜா நிற ரவிக்கை

வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட நான் யாரையும் நம்புவதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நானே போடுவேன். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டமென்றாலும், கணக்கெழுதி ஆள் மேய்க்கும் கிராணி கிராணிதான். எங்கள் தோட்டத்தில் இருநூறு கூலிகள். மதிக்கத் தெரிந்தவர்கள் அதில் பத்துப் பேர் தேறினால் அதிகம்.

ரப்பர் பால் பட்டுக் காய்ந்தால் எந்தச் சோப்புக்கும் போகாது. அதனால் பெண்கள் கந்தலைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்கு வருவார்கள். புஷ்பவல்லி மட்டும் கை புஸ்ஸென்று வைத்த ரோஜா நிற ரவிக்கை போட்டு வந்தாள். புருஷன் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. யாருக்காக இந்த ஜோடனை என்று காலைப் பெரட்டில், பெயர் கூப்பிடும்போது, எல்லார் முன்னும் கேட்டேன். கேட்பது என் கடமை.

"எம்பேரக் கூப்புடுங்க ஐயா, போதும். ரவிக்கைய எதுக்குக் கூப்புடுறீங்க?" என்றாள்.

இருநூறு பேரும் சிரித்தார்கள். பல் விளக்காத வாய்கள்.

நான் கோபப்படவில்லை. அவளைப் பால் கொட்டகைக்கு மாற்றினேன். பாலை உறைய வைக்கும் வேலை, நல்ல நிழல், என் மேசைக்கு நேர் எதிரே. நன்றி கெட்ட ஜென்மம், முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டது. துணி என்ன ரகம் என்று பார்க்க ஒருநாள் அவள் கையைத் தொட்டேன். மறுநாளும் தொட்டேன்.

"நாளைக்குத் தொரை வாராரு. அவருகிட்டச் சொல்லத்தான் போறேன்," என்றாள்.

கூட வேலை செய்த கிழவி இராஜம்மா, "நானும் சாச்சி சொல்றேன் புள்ள, பயப்படாத," என்றாள்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பது இதுதான். பதினேழு வருஷ உத்தியோகம், இரண்டு கூலிக்காரிகள் வாயில் போய்விடும்.

புஷ்பவல்லிக்கு ஒரு பழக்கம். மேலே பால் தெறித்தால் காய்வதற்குள் ஓடிப்போய் மூலையிலிருக்கும் வாளித் தண்ணீரில் கழுவுவாள். மற்றவள் எவளும் அந்த வாளியைத் தொடமாட்டாள். சுத்தம் அறியாத கூட்டம். ஆகவே வேறு யாருக்கும் ஆபத்து இல்லை என்று யோசித்துத்தான் செய்தேன். பாலை உறைய வைக்கும் திராவகத்தை நாங்கள் தண்ணீர் கலந்துதான் புழங்குவோம். மறுநாள் துரை வருவதற்கு முன்பே, வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கலக்காத திராவகத்தை அதில் ஊற்றி வைத்தேன். கொட்டகை முழுக்க எப்போதும் அந்த நெடிதான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ரவிக்கை மட்டும் பாழாகட்டும் என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். அவள் இரண்டு கையாலும் அள்ளி முதலில் முகத்தைத்தான் கழுவுவாள். இரண்டு மாதம் தினமும் பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா.

இரண்டு கண்ணும் போய்விட்டதாம். கழுத்துக்குக் கீழேயும் வெந்துவிட்டதாம். இனி எவனும் அவளை ஏறெடுத்துப் பார்க்கமாட்டான், ஒழுக்கமாகக் காலம் தள்ளுவாள். நான் கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதீர்கள். என் மேசை இழுப்பறையில் நீல நிற மல் துணி இருக்கிறது. பெரட்டில் எல்லாரையும் என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தாளே, அதற்கு மறுநாள் அவளுக்காக வாங்கியது. தைக்கக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அளவு எடுக்க யாரும் போக வேண்டாம், எனக்குத் தெரியும்.