ஒத்த சோப்புக்குப் பில்

பிள்ளைகளே, அரியலூரிலிருந்து பெரம்பலூர் வந்த பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு மளிகைக் கடைக்காரர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஒருத்தன் ஒத்த சோப்பு வாங்கிட்டு பில்லு கேக்குறான் மாமா. வரி ஆபீஸ் ஆளாத்தான் இருப்பான்.”

“என்ன வெலைக்கு குடுத்த மாப்ள?”

“பழைய வெலைக்குத்தான்.”

“அடப்பாவி, சோப்புக்கு வரிய கொறச்சுட்டாங்களே! மாட்டுனா அபராதம் போட்டு கடையவே சாய்ச்சுடுவாங்க. பில்லு குடுத்தியா?”

“மெஷின் ரிப்பேர்னுட்டேன். சிரிச்சுக்கிட்டே போனான் மாமா.”

கண்டக்டர் வந்து இருவரிடமும் காசு வாங்கிக்கொண்டு நகர்ந்தார். மாப்பிள்ளை சட்டென்று எழுந்தார்.

“என்னங்க, காசு வாங்கிட்டு டிக்கெட் தராம போறீங்க?”

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“மெஷின் ரிப்பேருங்க. ஆமா, சார் செக்கிங்கா?”

மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார்.