நோட்டில் விட்டமின் என்று எழுதிய மாத்திரையைப் பற்றி

என் பெயர், என் தகப்பனார் பெயர், காலமான என் கணவரின் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை நானே தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். எனக்கு வயது எழுபத்தாறு. கன்னிகாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்து, அதே பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று காலை பத்து மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் முன்னிலையில் இதைச் சொல்ல, எழுத்தர் எழுதுகிறார்.

மேற்படி முகவரியில் நானும் என் கணவரின் தங்கையும் வசித்து வருகிறோம். அவருக்கு வயது எழுபத்தொன்று. இதய வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். எங்கள் வீட்டுக்குக் காலை ஏழு மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போகும் பணிப்பெண், நான்கு ஆண்டுகளாக எங்களைப் பார்த்துக்கொள்கிறாள். வேகமாக நடப்பதால் என் நாத்தனார் அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்தார். இப்போது இந்த நிலையத்தில் வைத்து விசாரிக்கப்படுவது அவள்தான்.

வீட்டில் மருந்துப் பொறுப்பு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏழு நாள் மாத்திரைப் பெட்டிகள் இரண்டை நிரப்புவேன். வெள்ளை மூடி எனக்கு, நீல மூடி நாத்தனாருக்கு. நாள், வேளை, மாத்திரையின் பெயர் எல்லாவற்றையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதுவேன். குருவி பெட்டியில் உள்ளதை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கட்டத்தில் குறி போடுவாள். எங்கள் குடும்ப டாக்டர் அந்த நோட்டை மற்ற நோயாளிகளுக்கும் காட்டுவதுண்டு.

சென்ற மாதம் முதல் தேதி வாக்கில் எனக்குக் கீழே அரிப்பு ஏற்பட்டது. எழுத்தர் இதை 'உடல் உபாதை' என்று எழுதினார். அரிப்பு என்றே எழுதச் சொன்னேன். வெள்ளைப் படுதலும் இருந்தது. என்னைப் போல் சர்க்கரை வியாதி உள்ள பெண்களுக்கு ஈஸ்ட் என்ற பூஞ்சையால் இப்படி வருவதுண்டு என்று எங்கோ படித்திருக்கிறேன். மூன்று நாள் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தேன். குடும்ப டாக்டரிடம் போகவில்லை. அவர் மூன்றாம் வகுப்பில் என்னிடம் வாய்ப்பாடு படித்தவர். இன்றும் நான் உள்ளே நுழைந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார். அவரிடம் நான் எப்படிச் சொல்வது? வேறு டாக்டரிடம் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு நான்காம் தேதி குருவியிடம் சொன்னேன். அவள் கொஞ்சமும் முகம் சுளிக்காமல், "இதுக்கா டீச்சரம்மா மூணு நாளா நாற்காலி முனையில உக்காந்திருந்தீங்க? எனக்கு ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் வந்துச்சு, ஒரே மாத்திரை, ஓடியே போச்சு" என்றாள். மருந்துக்கடையில் அவளுக்கு என்று சொல்லி வாங்கிவரச் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் குழந்தைகள் மேல் சத்தியம் வாங்கினேன். கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் சீட்டுக் கேட்காமல் நான்கு மாத்திரை கொடுத்து, அவள் பெயரைப் பதிந்துகொண்டு, வாரம் ஒன்று வீதம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். நான் நான்காம் தேதி ஒன்றும் பதினொன்றாம் தேதி ஒன்றும் சாப்பிட்டேன். அரிப்பு நின்றது. மிச்சம் இரண்டை அலமாரியில் வைத்தேன். நோட்டில் என் பக்கத்தில் அந்த இரண்டு நாளும் 'விட்டமின்' என்று எழுதினேன். அந்த நோட்டில் நான் எழுதிய முதல் பொய் அது.

அதன் பிறகு இருபதாம் தேதி நாத்தனார் சாப்பிட உட்கார்ந்து, வாய் எரிகிறது என்று தட்டைத் தள்ளிவிட்டார். பல்செட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். அண்ணத்திலும் நாக்கிலும் தயிர் ஒட்டியது போல வெள்ளைத் திட்டு இருந்தது. துணியால் துடைத்தால் அடியில் சிவந்திருந்தது. வாயிலும் அதே பூஞ்சை வரும் என்று எனக்குத் தெரியும். நோய் ஒன்று, மருந்தும் ஒன்று என்று நினைத்தேன். என்னிடம் இரண்டு இருந்தன.

ரத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் புதிதாக எது கொடுப்பதானாலும் தன்னைக் கேட்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நோட்டின் முதல் பக்கத்தில் நானே சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். தொலைபேசியைக் கையில் எடுத்தேன். இது யாருக்கு வாங்கியது, எப்படி வீட்டுக்கு வந்தது என்று அவர் கேட்பார். வைத்துவிட்டேன். எடுத்தது நினைவிருக்கிறது. வைத்தது நினைவிருக்கிறது. நடுவில் என்ன நினைத்தேன் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

வாய் நோய் உடனே குறைய வேண்டும் என்பதால் வாரம் ஒன்று போதாது, தினம் ஒன்று என்று நானே முடிவு செய்தேன். இருபது, இருபத்தொன்று இரண்டு நாளும் உறையிலிருந்து பிரித்து நீலப் பெட்டியில் போட்டேன். நோட்டில் நாத்தனார் பக்கத்திலும் 'விட்டமின்' என்றே எழுதினேன். இருபத்திரண்டாம் தேதி குருவியை மறுபடி கடைக்கு அனுப்பினேன். "இன்னும் விடலையா டீச்சரம்மா?" என்றாள். இல்லை என்றேன். ஆகையால் இரண்டாம் முறை வாங்கியதும் எனக்காக என்றுதான் அவள் நினைத்தாள். பெட்டியில் புது மாத்திரையைப் பார்த்து, இது என்ன என்று கேட்டபோதும் விட்டமின் என்றேன். அவள் வாங்கி வந்தபோது அது உறைக்குள் இருந்தது. உறை இல்லாமல் அவள் அதைப் பார்த்ததில்லை. பிரித்த உறைகளைத் தாளில் சுற்றி, போகிற வழியில் குப்பைத்தொட்டியில் போடச் சொல்லி அவளிடமே கொடுத்தேன். அவள் போட மறந்திருக்கிறாள். அவள் பையில் கிடைத்ததாக ஆய்வாளர் காட்டியவை அவைதான்.

நாத்தனாருக்கு மொத்தம் ஆறு கொடுத்தேன் என்று நினைக்கிறேன். ஆய்வாளர் காட்டிய உறைகள் ஐந்து. நோட்டில் குறிகள் ஏழு. கணக்கு டீச்சருக்கு ஆறும் ஐந்தும் ஏழும் ஒன்றாகுமா என்று எழுத்தர் கேட்டார். ஆகாது. எங்கே தவறியது என்று எனக்குத் தெரியவில்லை.

இருபத்தைந்தாம் தேதி நாத்தனாரின் வாய் சுத்தமாக இருந்தது. இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அன்று மாலை அவருடைய முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. கதவில் இடித்துக்கொண்டிருப்பார் என்றேன். மறுநாள் காலை குளியலறையில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. இரண்டு துண்டு நனைந்த பிறகும் நிற்கவில்லை. அதன் பிறகு குருவிதான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ரவிக்கை எல்லாம் ரத்தமாக ஆஸ்பத்திரி வரை வந்தாள். நான் முன் இருக்கையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர், "வழக்கமா குடுக்கறதைத் தவிர வேற ஏதாவது மாத்திரை குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார். "நோட்டில் எல்லாம் இருக்கிறது" என்று பதில் சொன்னேன். அந்த நேரத்தில் பூஞ்சை மாத்திரை உங்கள் நினைவில் இருந்ததா, இல்லையா என்று ஆய்வாளர் மூன்று முறை கேட்டார். இருந்தது என்றால் நான் தெரிந்தே மறைத்தவள். இல்லை என்றால் அந்த டாக்டர் நோட்டைப் புரட்டும்போது, விட்டமின் என்ற வரி வந்த இடத்தில் என் கண் ஏன் தரைக்குப் போனது? இரண்டில் எது உண்மை என்று எனக்கே தெரியாத ஒன்றை நான் சத்தியமாக எப்படிச் சொல்வது? கண் தரைக்குப் போனது உண்மை. அதை எழுதிக்கொள்ளலாம்.

பிறகு நாத்தனார் மகன் ஊரிலிருந்து வந்தார். நோட்டில் ஒன்றும் இல்லாததால் ரத்தம் ஏன் இப்படி நீர்த்தது என்று இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் யாருக்கும் புரியவில்லை. ரத்தத்தைக் கட்ட ஊசி போட்டார்கள். என்ன ஊசி என்று நர்ஸிடம் கேட்டேன். விட்டமின் கே என்றாள். என்னைக் கேலி செய்கிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இருபத்தெட்டாம் தேதி குருவியின் பையில் உறைகளைப் பார்த்தது நாத்தனார் மகன். அதன் பிறகே டாக்டருக்குக் காரணம் தெரிந்தது. பூஞ்சை மாத்திரை கல்லீரலில் ரத்த மாத்திரை கரைந்து போகாமல் தடுத்துவிடும், அது உடம்பில் சேர்ந்துகொண்டே போகும் என்று படம் போட்டு விளக்கினார். வாய்க்குக் கொடுத்தது கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து மூக்குக்கு வந்த வழி எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை.

கடையில் குருவி பெயர், பையில் உறை, கொடுத்ததும் அவள் கை. நாத்தனார் மகன், "நாலு வருஷம் எங்க வீட்டுச் சோறு தின்னுட்டு எங்கம்மாவுக்கே மருந்தை மாத்திக் குடுத்தியா?" என்று வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கத்தினார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "எனக்குத்தாங்க வாங்கினேன்" என்றாள். பெண்களுக்கு வரும் நோய்க்கு என்று அவள் சொன்னதும் அங்கிருந்த ஆண்கள் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். இருபத்தொன்பதாம் தேதி புகார் கொடுக்கப்பட்டது. அவர் என்னிடம், "நீங்க கவலைப்படாதீங்க அத்தை, அவளை நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்கும் நான் தலையை ஆட்டினேன்.

ரத்தம் போன மயக்கத்திலேயே கிடந்த நாத்தனாருக்கு நேற்று காலைதான் பேச்சு வந்தது. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அரிப்பையும் சொன்னேன். முதலில் சிரித்தார். "வாய்ப்புண் போயிடுச்சு அண்ணி. கூடவே நானும் போகப் பாத்தேன், அவ்வளவுதான்" என்றார். குருவி எங்கே என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "அவளைக் கூட்டிட்டு வராம இந்த ரூமுக்குள்ள வராதீங்க" என்றார். ஐம்பது வருடத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

மருந்தை வாங்கச் சொன்னதும், அளவைத் தீர்மானித்ததும், பெட்டியில் போட்டதும், நோட்டில் மாற்றி எழுதியதும் நான். நாத்தனாருக்குக் கொடுத்தது அந்த மாத்திரைதான் என்று குருவிக்குத் தெரியாது. என் சொல்லைக் காப்பாற்றியது மட்டுமே அவள் செய்தது.

இத்தனையும் எழுதி முடித்ததும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. 'முதுமையினாலும் ஞாபக மறதியினாலும் மேற்படி விவரத்தை டாக்டரிடம் தெரிவிக்கத் தவறினேன்' என்று ஒரு வரி அதில் இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. ஆய்வாளர், "உங்களுக்கு நல்லதுதாம்மா, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பேனாவை வாங்கி, 'முதுமையினாலும் ஞாபக மறதியினாலும்' என்பதை அடித்து, மேலே 'வெட்கத்தினால்' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். அடித்தது என் கை. மற்ற வரிகள் நான் சொன்னபடியே இருக்கின்றன. என்னை யாரும் மிரட்டவோ, சொல்லிக் கொடுக்கவோ இல்லை. நான் அறிந்தவரை இவை உண்மை. அறியாத இடங்களில் அறியேன் என்றே சொல்லியிருக்கிறேன்.

(கையொப்பம்)