கசக்காத மாத்திரை

எனக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது, ஐயா. மற்றபடி குறை சொல்ல முடியாத மாப்பிள்ளை என்று என் மாமியாரே சொல்லியிருக்கிறார். அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ‘இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா’ என்று மெல்லக் கேட்டுப் பழகி, வீட்டிலும் அதே குரல்தான்.

கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே என் மனைவி சோர்ந்துபோக ஆரம்பித்தாள். எழுந்து நின்றால் தலைசுற்றும். உடம்பு இளைத்தது. வெயிலே படாத உள்ளங்கை ரேகைகூடக் கறுத்தது. உப்பு டப்பாவைத் திறந்து விரலால் தொட்டு நக்குவாள். மனச்சோர்வு என்றார் ஒரு டாக்டர். ரத்தசோகை என்றார் இன்னொருவர். சோம்பேறித்தனம் என்றார் என் அம்மா, ஃபீஸ் வாங்காமலே. நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன், ஊட்டிவிட்டேன், கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் என்னைத் தங்கமான மனுஷன் என்றார்கள். பொய் சொல்வானேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு சுரப்பி டாக்டர் வந்து எல்லாவற்றையும் கெடுத்தார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறதாம். அட்ரீனல் என்று பெயர். கட்டைவிரல் அளவுகூடத் தேறாத அந்தப் பயல் சுரக்கும் கார்டிசால் இல்லாவிட்டால், ஒரு காய்ச்சலைக்கூட உடம்பு தாங்காதாம்.

“இவங்களுக்கு அது வேலையை நிறுத்திடுச்சு. இனிமே ஆயுசுக்கும் இந்த மாத்திரைதான். ஒரு வேளைகூட விடக்கூடாது. காய்ச்சல் வந்தா ரெண்டு மடங்கு. வாந்தி எடுத்தா, அவசரத்துக்குன்னு நான் தர்ற ஊசியை உடனே போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துடணும்,” என்றார்.

மாத்திரை வேலை செய்தது. அதுதான் பிரச்சினை. என் மனைவி எழுந்தாள், சாப்பிட்டாள், பாடினாள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதோடு விட்டாளா? அந்தப் பயிற்சிப் பள்ளியிலேயே கற்றுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். பகலெல்லாம் ஊராரிடம் “பிரேக்கை மிதிங்க” என்று கத்திவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதே தொண்டையில் என்னிடம் “குக்கரை அணைங்க” என்பாள். வந்தவர்கள் அவளுடைய கார் கதைகளைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தங்கமான மனுஷன் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவளுடைய மாத்திரை டப்பாவை வாராவாரம் நிரப்புவது என் பொறுப்பு. அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை கிடைத்தது. முதலில் மாலை மாத்திரையை மட்டும் மாற்றினேன். கண்ணாடியில் பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அது தொழில் கற்றுக்கொடுத்த பொறுமை. “இப்பல்லாம் கசக்கவே இல்லையே,” என்றாள். கம்பெனி மாறிவிட்டது என்றேன். நல்லவேளை என்று சந்தோஷப்பட்டாள். பிறகு மதியம். பிறகு காலை.

அவள் திரும்பி வந்தாள், ஐயா. என் பழைய மனைவி. வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தாள். ஒரு நாள் என் தோளில் தலைவைத்து, “நீங்க இல்லாட்டி நான் என்ன ஆயிருப்பேங்க,” என்றாள். என் கண் கலங்கிவிட்டது. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். ரெண்டு மடங்கு கொடுங்க என்றாள். கொடுத்தேன், என்னுடையதில். மதியத்துக்குள் வாந்தி. உதடு வெளுத்துவிட்டது. ஊசி எங்கே என்று கேட்டாள். தேடினேன். அலமாரியில் தேடினேன், மேசை இழுப்பறையில் தேடினேன். ஊசி என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதைப் போட்டால் இத்தனை மாதப் பாடும் ஒரே குத்தில் வீணாகிவிடும். ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும் என்று அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்தேன்.

அப்போது கொழுந்தியாள் வந்தாள். அக்காவைப் பார்க்க வருகிறவள், வாசல் மணியை அடித்துவிட்டு வரலாம் அல்லவா? ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, தன் கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் இன்னொரு ஊசியை எடுத்துத் துணியோடு சேர்த்துத் தொடையில் போட்டாள். ஆம்புலன்ஸை அழைத்தாள். அது வருவதற்குள் மாத்திரை டப்பாவைத் திறந்து ஒன்றை நாக்கில் வைத்தாள். சத்தமே போடவில்லை.

“இது கசக்கணும், அத்தான்,” என்றாள்.

கொல்லப் பார்த்தேன் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். கொல்ல நினைத்தவன் இப்படிப் படிப்படியாகவா குறைப்பான்? காலில் கம்பளி சுற்றிவிடுவானா? மாத்திரையை மாற்றினேன், ஊசியை ஒளித்தேன், இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். அவளைக் கவனிக்கவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிழைத்துவிட்டாள் என்கிறார்கள். சந்தோஷம். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவளால் நடக்க முடியவில்லை என்றால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். நன்றாக நடக்கிறாள் என்றால், சொல்ல வேண்டாம்.